மனிதனுக்கு இருக்கையா, இருக்கைக்கு மனிதனா?

நாமக்கல்லில் நமக்கு ஒரு நண்பர் உண்டு. லாரித் தொழிலில் நாற்பது ஆண்டுக் காலம் உழன்றவர். கிளீனராகப் படியேறி, ஓட்டுநராகச் சக்கரம் பிடித்து, இன்று இரண்டு வண்டிகளுக்குச் சொந்தக்காரராக உயர்ந்தவர். தெற்கின் உப்பை வடக்கே கொண்டு சென்றிருக்கிறார். வடக்கின் ஆப்பிளைத் தெற்கே கொண்டு வந்திருக்கிறார். இந்தத் துணைக்கண்டத்தில் அவர் வண்டியை நிறுத்திச் சோறு பொங்கித் தின்னாத நெடுஞ்சாலை அநேகமாக இல்லை. ஆள் வாட்டசாட்டமானவர். உயரம் ஆறடிக்குக் குறையாது. அகலமும் அதற்கு இளைத்ததல்ல. உட்கார்ந்தே உழைத்த உழைப்பு, வேளை தவறிய உணவு, உறக்கம் கெட்ட இரவு ஆகிய மூன்றும் சேர்ந்து தந்த உடம்பு அது.

அந்த நண்பர், வடபுலத்து நகர் ஒன்றில் வேலை பார்க்கும் மகனைக் காணச் சென்றார். திரும்பும்போது மகன் ஆசையாக விமானத்துக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறான். வாழ்நாளில் முதல் விமானப் பயணம். புது வேட்டி, புதுச் சட்டை. உள்ளே சென்றார், உட்கார்ந்தார், உட்கார முடியவில்லை. இருபுறமும் இருந்த கைப்பிடிகள் இடுக்கியைப் போல் இடுப்பைப் பற்றின. இடுப்பு வாரை இழுத்தார்; எட்டவில்லை. பணிப்பெண் வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, விமானத்தின் மறுகோடியில் நின்ற மற்றொரு பணியாளரிடம், எல்லோர் காதிலும் விழும்படி, வாரோடு சேர்க்கும் துண்டு வார் ஒன்று வேண்டுமென்று உரக்கக் கேட்டாள். தலைகள் திரும்பின. சிலர் சிரித்தனர். ஒருவர் கைப்பேசியைத் தூக்கிப் படமும் பிடித்தார். அடுத்த இருக்கைக்காரரோ, "இரண்டு டிக்கெட் வாங்கியிருக்க வேண்டியதுதானே" என்று இந்தியில் முணுமுணுத்தார். நம் நண்பருக்கு இந்தி தெரியும். லாரித் தொழில் கற்றுக்கொடுத்த இந்தி. தெரியாதிருந்தால் அன்று எவ்வளவோ நலமாக இருந்திருக்கும்!

இவை நடந்து மாதங்கள் பல ஆகிவிட்டன. அண்மையில் சென்னையில் அவர் மகளுக்குப் பேறுகாலம். "சேலத்திலிருந்து விமானத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாமே" என்றோம். "வேண்டாமுங்க, நமக்கு பஸ்ஸே போதுமுங்க" என்றார். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "ஒண்ணு கேக்கறனுங்க. அந்த வாருக்கு என் வயிறு பெருசா, இல்ல என் வயித்துக்கு அந்த வாரு சிறுசா? இதுல தப்புப் பண்ணினது யாருங்க?" என்று கேட்டார்.

அவர் பேருந்தில் இரவெல்லாம் சென்று சேர்ந்தபோது பேரக் குழந்தை பிறந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது.

அவருடைய கேள்வியைத்தான் இன்று நாம் ஆட்சியாளர் முன்னும், விமான நிறுவனங்களின் முன்னும், வாசகர்கள் முன்னும் வைக்கிறோம். இதில் தவறு செய்தது யார்? நாற்பது ஆண்டு உழைத்து, கேட்ட பணத்தைக் கொடுத்து, வரிசையில் நின்று ஏறிய அந்த மனிதரா? அல்லது மனிதரை அளக்காமல் இருக்கை செய்தவர்களா? சின்னஞ்சிறு செய்தி என்று சிலர் இதனை ஒதுக்கக்கூடும். நாட்டில் எத்தனையோ பெரிய பிரச்சினைகள் இருக்க, விமானத்து நாற்காலியா தலையங்கத்துக்குப் பொருள் என்று கேட்கக்கூடும். ஒரு மனிதனை நாலு பேர் நடுவில் தலைகுனிய வைப்பது எதுவாயினும், அது நமக்குப் பெரிய பிரச்சினைதான்.

சேலத்துக்கு விமானம் வந்த கதை, வருவதும் போவதுமான கதை. ஓமலூரை அடுத்த கமலாபுரத்தில் விமான நிலையம் திறக்கப்பட்டது 1993-ஆம் ஆண்டில். வந்த விமானம் சில காலத்திலேயே நின்றுபோயிற்று. 2009-இல் மறுபடி பறந்தது, மறுபடி நின்றது. 2018 மார்ச்சில் மூன்றாம் முறை, அதுவும் நிலைக்கவில்லை. 2023 அக்டோபரில்தான் மீண்டும் ஏ.டி.ஆர். வகைச் சிறு விமானங்கள் கமலாபுரத்தில் இறங்கின. ஒவ்வொரு முறை நின்றபோதும் சேலத்து வணிகரும், நாமக்கல் கோழிப் பண்ணையாளரும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரரும் மனுமேல் மனுவாகக் கொடுத்தார்கள். விமானம் வேண்டும், விமானம் வேண்டும் என்று கேட்டு வாங்கிய ஊர் இது.

கேட்டபோது மத்திய அரசு என்ன சொல்லிற்று? 2016-இல் ஒரு திட்டம் அறிவித்தார்கள். அதன் இந்திப் பெயருக்குப் பொருள், நாட்டின் சாதாரணக் குடிமகன் பறக்கட்டும் என்பது. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று ஒரு பகுதி இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு வைத்துத் தொடங்கினார்கள். நல்ல திட்டம், நாம் குறை கூறவில்லை. ஆனால், சாதாரணக் குடிமகன் என்றால் யார்? அவன் இத்தனை அங்குல இடுப்புக்குள் இருக்க வேண்டும் என்று எந்த அரசாணையில் எழுதியிருக்கிறது? உடல் பருத்தவரைப் பார்த்து, இரண்டு இருக்கை வாங்கு என்று சொன்னால், அவருக்கு அந்த 2,500 ரூபாய் 5,000 ரூபாய் ஆகிவிடுகிறதே! அரசு வைத்த உச்சவரம்பு ஒல்லியானவருக்கு மட்டும்தானா?

இருக்கையின் அளவைப் பார்ப்போம். சாதாரண வகுப்பில் ஓர் இருக்கையின் அகலம் பெரும்பாலும் 17 அல்லது 18 அங்குலம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஒரு முழம். சேலம் கடைவீதியில் பூ வாங்குகிற தாய்மார்களுக்கு முழக் கணக்கின் சூட்சுமம் நன்றாகத் தெரியும். பூ விற்பவரின் கை நீளமானால் பூ கூடும். கை குட்டையானால் பூ குறையும். ஆகவே அளக்கும்போதே, "கையை நல்லா நீட்டி அளங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவார்கள். விமான நிறுவனங்கள் அளக்கும் முழத்தைக் கண்டிப்பாகப் பார்ப்பதற்கு மட்டும் ஆள் இல்லை!

இந்த முழம் ஆண்டுக்கு ஆண்டு குட்டையாகியும் வந்திருக்கிறது. அமெரிக்காவில் விமானப் பயணியர் உரிமைக்காகப் போராடும் அமைப்பு ஒன்று நீதிமன்றத்தில் ஒரு கணக்கு வைத்தது. சராசரி இருக்கையின் அகலம் 18½ அங்குலத்திலிருந்து 17 அங்குலமாகவும், ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் உள்ள தொலைவு 35 அங்குலத்திலிருந்து 31 அங்குலமாகவும் சுருங்கிவிட்டன என்பது அந்தக் கணக்கு. சிலவற்றில் அந்தத் தொலைவு 28 அங்குலம்! நம் நாட்டிலும் என்ன வாழ்கிறது? இரு வகுப்பாக அமைத்தால் 150 பேர் அமரக்கூடிய ஏ-320 விமானத்தில், எல்லாவற்றையும் ஒரே வகுப்பாக நெருக்கி 180 பேர், 186 பேர் என்று அடைக்கிறார்கள். ஒருபுறம் நாற்காலி சுருங்குகிறது. மறுபுறம் மனிதன் வளர்கிறான். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பழி மட்டும் மனிதன் தலையில் விழுகிறது.

இந்த விந்தையை நம் வட்டாரத்துத் தொழிலாளரிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் எத்தனை! சட்டத்தை மட்டும் கொண்டுபோய் நிறுத்தினால் பட்டறைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன லோடு ஏத்தப் போறீங்க?" என்பதுதான். வைக்கோலுக்கு ஒரு கூண்டு, கோழிக்கு ஒரு கூண்டு, இரும்புக்கு ஒரு கூண்டு. பாரத்தைக் கேட்ட பிறகுதான் அளவுகோலை எடுப்பார். கூண்டைக் கட்டி முடித்துவிட்டு, இதற்குள் அடங்காத சரக்குக்கு இரட்டை வாடகை என்று எந்தப் பட்டறைக்காரரும் சொன்னதில்லை.

முட்டைக்கு வருவோம். முப்பது குழி அட்டையில் அடுக்கி நாமக்கல் முட்டை நாடெங்கும் போகிறது. கடல் கடந்தும் போகிறது. குழி சிறிதாகி முட்டை உடைந்தால் அட்டை செய்தவனைத் திட்டுவார்களா, முட்டையைத் திட்டுவார்களா? சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள். கொலுசு வாங்க வந்த பெண்ணின் கணுக்காலைப் பார்த்து, அதற்கேற்ற நீளத்தில் எடுத்துக் கொடுக்கிறார்கள். நீளம் போதாவிட்டால் ஒரு கண்ணி கூட்டிச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். காலைக் குறைத்துக்கொண்டு வா என்று சொன்ன ஆசாரி இதுவரை பிறக்கவில்லை. எழுத்தறியாத பட்டறைத் தொழிலாளி கடைப்பிடிக்கும் நீதி, கோடிக்கணக்கில் முதல் போட்ட நிறுவனங்களுக்கு எட்டவில்லை என்பது வெட்கக்கேடு அல்லவா?

பேருந்தில் என்ன வழக்கம்? சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் போகும் வண்டியில் மூன்று பேர் இருக்கை ஒரு நீள பெஞ்சு. நடுவில் தடுப்பு இல்லை. பருத்த உடலினர் ஒருவர் வந்தால், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்ற ஒரு சொல்லில் காரியம் முடிந்துவிடுகிறது. நெருக்கம் உண்டு, அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் நடத்துநர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். வெங்காய மூட்டைக்கு லக்கேஜ் போடுகிறார். வாழைத்தார்க் கட்டுக்கு லக்கேஜ் போடுகிறார். எவ்வளவு பெரிய உடம்பாயினும் உடம்புக்கு லக்கேஜ் போட்ட நடத்துநர் உண்டா? இல்லை. ஏன்? மூட்டை வேறு, மனிதன் வேறு என்ற வேறுபாடு அவருக்குத் தெரியும். பயணச் சீட்டு என்பது ஓர் ஆளை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டு சேர்ப்பதற்கான ஒப்பந்தம். முழம் போட்டு இடம் விற்கும் வியாபாரம் அல்ல அது. ஓர் ஆளுக்கு ஒரு சீட்டு. சாலையில் செல்லுபடியாகும் இந்தத் தத்துவம் வானத்தில் மட்டும் ஏன் செல்லாக்காசாக வேண்டும்?

எதிர்வாதங்களையும் கேட்டுவிடுவோம். எதிர்த்தரப்பைக் கேளாமல் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் நமக்கில்லை.

முதல் வாதம்: "உடம்பைக் குறைத்துக்கொள்ளட்டுமே!" சொல்வது எளிது. உடல் பருமனில் பரம்பரைக்குப் பங்குண்டு. சுரப்பிகளின் கோளாற்றுக்குப் பங்குண்டு. வேறு நோய்க்கு உண்ணும் மருந்துகளுக்குப் பங்குண்டு. செய்யும் தொழிலுக்கும் பங்குண்டு. 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 40 பேர் உடல் எடை மிகுந்தவர்கள். அதற்கு முந்தைய 2015-16 கணக்கில் அது நூற்றுக்கு 31. ஆண்களில் 28-ஆக இருந்தது 37-ஆக உயர்ந்திருக்கிறது. இவர்கள் எல்லோருமே இருக்கைக்குள் அடங்காதவர்கள் என்று நாம் சொல்லவில்லை, பெரும்பாலோர் அடங்குவார்கள். ஆனால் நூற்றுக்கு நாற்பது என்பது தனிமனிதச் சோம்பேறித்தனமாக இருக்க முடியுமா? ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் சோம்பேறி ஆகிவிட்டதா? நம் உணவும் உழைப்பும் மாறிய வேகத்தின் விளைவு அது. உடல் நலத்துக்காக எடை குறையட்டும், மருத்துவர் சொல்லட்டும், நாமும் சொல்வோம். ஆனால் எடை குறைய ஆண்டுகள் ஆகும். மகளின் பேறுகாலத்துக்குப் போகும் விமானம் இன்று மாலை புறப்படுகிறது. மருத்துவர் சொல்ல வேண்டியதை மருத்துவமனையில் சொல்லட்டும். விமானத்துக்குள் நூறு பேர் நடுவில் சொல்வதற்கு யாருக்கும் உரிமையில்லை.

இரண்டாம் வாதம்: "அடுத்த இருக்கைக்காரரும் காசு கொடுத்தவர்தானே? அவருடைய இடம் பறிபோகலாமா?" நியாயமான கேள்வி. பறிபோகக் கூடாது என்பதே நம் கருத்தும். ஒல்லியான உடலோடு ஒண்டிக்கொண்டு பயணம் செய்த அந்த முணுமுணுப்புக்காரர் மீதும் நமக்குக் கோபமில்லை. அவரும் ஏமாற்றப்பட்டவரே. ஒரு முழத்தில் அடைக்கப்பட்ட இருவர் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்கிறார்கள். முழத்தைக் குறைத்தவரோ இருவர் காசையும் எண்ணிக்கொண்டிருக்கிறார். ஏழையும் ஏழையும் மோதிக்கொள்ள, மேலே இருப்பவர் வேடிக்கை பார்க்கும் பழைய கதை இது. முழங்கையால் இடித்துக்கொள்ளும் இருவரும் ஒன்றுசேர்ந்து கேட்க வேண்டியவர்கள் என்பதை மறக்கலாகாது.

மூன்றாம் வாதம்: "விமானத்துக்கு எடைக் கணக்கு முக்கியம்." மெய்தான். அதிலும் சிறு விமானத்தில் முன்புறம் எவ்வளவு, பின்புறம் எவ்வளவு என்று பாரத்தைச் சமன் செய்தாக வேண்டும். அதற்காக ஒருவரை வேறு வரிசைக்கு மாறச் சொன்னால், பண்போடு சொன்னால், யாரும் மறுக்கப்போவதில்லை. துண்டு வார் தேவைப்படுவோரை அவசர வழி வரிசையில் அமர்த்தாதிருப்பதும் பாதுகாப்புக்காகவே, அதையும் ஏற்கிறோம். ஆனால் எடையறிவதற்கு அவமானம் தேவையில்லை. 2023-இல் நியூசிலாந்து நாட்டு விமான நிறுவனம் ஆக்லாந்து நகரில் பன்னாட்டுப் பயணிகள் 10,000 பேரை எடைபோட்டது. விரும்பியவர் மட்டும் ஏறினால் போதும். எடை எந்தத் திரையிலும் காட்டப்படவில்லை. பக்கத்தில் நின்ற பணியாளருக்கும் தெரியாது. பெயரின்றிக் கணக்கில் சேர்ந்தது. மனம் இருந்தால் இவ்வளவு நாகரிகமாகச் செய்ய முடியும்!

பாதுகாப்பு என்று பேசுவோருக்கு இன்னொன்றும் நினைவூட்டுகிறோம். ஆபத்து நேரத்தில் விமானத்திலுள்ள அனைவரும் 90 விநாடிகளுக்குள் வெளியேற வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட அளவு. நெருக்கமான இருக்கைகளிலிருந்து அவ்வாறு வெளியேற முடியுமா என்று அமெரிக்க அரசு சோதனை நடத்தியது. அந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்கள் யார்? அறுபது வயதுக்குட்பட்ட, உடல் வலுவுள்ள பெரியவர்கள் மட்டுமே. குழந்தை இல்லை, கிழவர் இல்லை, மாற்றுத்திறனாளி இல்லை. நம் விமானங்களில் ஏறுவோர் அப்படிப்பட்டவர்கள் மட்டும்தானா? நெருக்கிக் கட்டிய இருக்கை பருத்தவருக்கு மட்டும் தொல்லை தருவது அல்ல; நெருப்புப் பிடித்தால் எல்லோருக்கும் அதுவே கண்ணி.

சரி, உலகில் எங்கேனும் இதற்கு வழி கண்டிருக்கிறார்களா? கண்டிருக்கிறார்கள். கனடா நாட்டில் 2008 ஜனவரியில் அந்நாட்டுப் போக்குவரத்து முகமை ஒரு தீர்ப்பளித்தது. உள்நாட்டு விமானங்களில், உடல் பருமனால் செயலிழப்புக்கு ஆளாகி இரண்டு இருக்கை தேவைப்படுவோருக்கும், துணையாள் தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கும், கூடுதல் இருக்கைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ஓர் ஆளுக்கு ஒரு கட்டணமே என்பது தீர்ப்பு. விமான நிறுவனங்கள் குய்யோ முறையோ என்று கூவின. உச்ச நீதிமன்றம் வரை போயின. 2008 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. இதனால் நிறுவனங்கள் திவாலாகிவிடுமா என்பதையும் முகமை கணக்கிட்டுப் பார்த்திருந்தது. ஒரு நிறுவனத்துக்குச் சீட்டு ஒன்றுக்கு 77 சென்ட். மற்றொன்றுக்கு 44 சென்ட். ஒரு டாலர்கூட இல்லை! மனித மானத்தின் விலை அவ்வளவுதான். அதைக் கொடுக்கத்தான் உச்ச நீதிமன்றம் வரை போய் அழுதார்கள்.

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே சவுத்வெஸ்ட் என்ற பெரிய நிறுவனம், பருத்த உடலினருக்குத் தேவையான கூடுதல் இருக்கையைக் கட்டணமின்றியோ, முன்பணம் வாங்கித் திருப்பிக் கொடுத்தோ நெடுங்காலம் வழங்கி வந்தது. உலகமே பாராட்டிற்று. 2026 ஜனவரி 27-ஆம் நாள் முதல் விதி மாறிவிட்டது. முன்கூட்டியே இரண்டாம் இருக்கையைக் காசு கொடுத்து வாங்கிவிட வேண்டும். விமானத்தில் இடம் காலியாக இருந்தால்தான், அதுவும் நிபந்தனைகளுக்கு உட்பட்டுத்தான், பணம் திரும்பும் என்று ஆயிற்று. இருக்கைக்குக் குறைந்தபட்ச அளவு வகுக்க வேண்டும் என்று 2018-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே செய்தது. 2022-இல் பொதுமக்களின் கருத்தைக் கேட்டார்கள். 26,000-க்கும் மேற்பட்டோர் எழுதிக் குவித்தார்கள். ஆணை போட்டு ஆண்டுகள் நான்கு சென்ற பின்னும் கருத்துக் கேட்கும் கட்டத்திலேயே நின்றது காரியம்!

இவ்விரு நாடுகளும் நமக்குச் சொல்லும் பாடம் ஒன்றே. கனடாவில் கிடைத்தது உரிமை. அதனால் நிறுவனங்கள் எதிர்த்தும் நின்றது. அமெரிக்காவில் கிடைத்தது தயவு. இலாபக் கணக்கு மாறியதும் தயவும் மாறியது. முதலாளியின் தயவில் தொங்கும் எதுவும் முதலாளியின் மனம் மாறினால் அறுந்து விழும். ஆகவே நாம் கேட்பது தயவு அல்ல, சட்டம்.

நம் நாட்டில் இதற்கு அடித்தளம் இல்லாமலும் இல்லை. 2012 பிப்ரவரியில், மூளை முடக்குவாதத்துடன் வாழும் ஜீஜா கோஷ் என்ற அம்மையார், கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்குப் போகும் விமானத்தில் அமர்ந்த பிறகு கீழே இறக்கிவிடப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2016-இல் அவருக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. மனிதக் கண்ணியமே அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி. அதே ஆண்டு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டது. உடல் பருமன் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாதவனுக்குக் கண்ணியமும் இல்லையா? கண்ணியம் பட்டியல் பார்த்து வருவதா?

உரக்கக் கூவிய அந்தப் பணிப்பெண்ணையும் நாம் நோகமாட்டோம். அவளும் அளவுகோலுக்கு அடிமைதான். 2009-ஆம் ஆண்டு, உடல் எடை கூடிவிட்டது என்ற காரணத்துக்காகவே விமானப் பணிப்பெண்கள் சிலரை அன்று அரசுடைமையாக இருந்த ஏர் இந்தியா நிறுவனமே வேலையைவிட்டு நீக்கிற்று. தன் இடுப்பையே தினம் அளந்துபார்த்து அஞ்சும்படி வைக்கப்பட்டவளுக்கு, பிறர் இடுப்பை மதிக்க யார் கற்றுக்கொடுத்தார்கள்? கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் மேலே இருக்கிறார்கள்.

எனவே நாம் கேட்பவை இவை.

ஒன்று: விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் இருக்கையின் அகலத்துக்கும், வரிசை இடைவெளிக்கும் குறைந்தபட்ச அளவை வகுத்து, அதற்குக் கீழே போகக் கூடாதென்று ஆணையிட வேண்டும்.

இரண்டு: சீட்டு விற்கும்போதே இருக்கையின் அகலத்தையும், வாரின் நீளத்தையும் விலைக்கு அருகில் எழுதிக் காட்ட வேண்டும். கடையில் துணி வாங்கினால் அளவைச் சொல்கிறார்கள். அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள சீட்டுக்குச் சொன்னாலென்ன?

மூன்று: இரண்டு இருக்கை உண்மையிலேயே தேவைப்படும் உடல்நிலை உள்ளவருக்கு, உள்நாட்டுப் பயணத்தில் ஓர் ஆளுக்கு ஒரு கட்டணம் என்பது சட்டமாக வேண்டும். அரசு உதவிப்பணம் பெறும் சிற்றூர்த் தடங்களில் அதை முதலில் தொடங்கட்டும். மக்கள் வரிப்பணத்தில் பறக்கும் விமானம் மக்களில் ஒருவரையும் ஒதுக்கலாகாது.

நான்கு: துண்டு வார் வேண்டுமென்பதைச் சீட்டு வாங்கும்போதே தெரிவிக்க வழி வேண்டும், அது ஓசையின்றி இருக்கைக்கு வந்து சேர வேண்டும். கைப்பிடி உயரும் இருக்கைகள் ஒவ்வொரு விமானத்திலும் சில வரிசைகளிலாவது இருக்க வேண்டும்.

ஐந்து: பயணியின் உடலைக் கேலி பேசுவதும், அவரைக் கேட்காமல் படம் பிடிப்பதும் விமானத்துக்குள் தடுக்கப்பட வேண்டும். ஊழியருக்கு இதில் பயிற்சி அளிக்கப்பட வேண்டும்.

இவற்றில் எது நடக்காத காரியம்? எது நாட்டைத் திவாலாக்கும் காரியம்? சேலம், நாமக்கல் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் விமானம் வேண்டுமென்று அவையில் குரல் கொடுத்ததை நாம் மறக்கவில்லை, பாராட்டுகிறோம். விமானத்தைக் கொண்டு வந்தால் மட்டும் போதாது; அதில் ஊரார் அனைவரும் நிமிர்ந்து ஏறவும் வழி செய்ய வேண்டும். அடுத்த கூட்டத்தொடரில் இந்தக் கேள்வியை அமைச்சர் முன் வைக்குமாறு அவர்களை வேண்டுகிறோம்.

வாசகத் தோழர்களுக்கும் ஒரு சொல். சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை, அடுத்த முறை விமானத்திலோ பேருந்திலோ பருத்த உடலினர் ஒருவர் தயங்கித் தயங்கி இருக்கை தேடி வந்தால், தலையைத் திருப்பிக்கொண்டு சிரிக்காதீர்கள். "வாங்க, உக்காருங்க" என்று சொல்லுங்கள். வந்தாரை வாங்க என்று சொல்வது இந்தக் கொங்கு மண்ணின் பழக்கம். விமானத்தில் ஏறியதும் அதை மறந்துவிட வேண்டுமா?

நம் நாமக்கல் நண்பரின் பேத்திக்கு இன்னும் சில மாதங்களில் காது குத்துகிறார்கள். சென்னையில்தான் விழா. விமானச் சீட்டு வாங்கலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அவர் யோசித்தது போதும். இனி யோசிக்க வேண்டியவர்கள் தில்லியில் இருக்கிறார்கள்!